60 செ.மீ. உயரக் குரோஷே யானை: சிறிய மாதிரியைப் பெரிதாக்குவது எப்படி?

தொடரிழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக அமிகுருமி பொம்மைகள், அதாவது குரோஷே கொக்கி ஊசியால் பின்னிப் பஞ்சடைக்கும் பொம்மைகள், பின்னி வருகிறேன். ஆனால் இதுவரை பின்னியவை எல்லாம் இரு கைகளுக்குள் அடங்கிவிடும் அளவிலானவையே. அண்மையில் உட்கார்ந்த நிலையில் 20 செ.மீ. உயரமுள்ள யானை ஒன்றை அண்ணன் மகனுக்குப் பின்னிக் கொடுத்தேன். நான்கு வயதான அவன் இரண்டு நாள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்துவிட்டு, "இது குட்டிதானே அத்தை, இதனுடைய அம்மா எங்கே?" என்று கேட்டுவிட்டான். அம்மா யானையைப் பின்னாமல் இனித் தப்ப முடியாது.

அம்மா 60 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். குட்டியை 3 மி.மீ. ஊசியால், 10 செ.மீ. அகலத்துக்கு 20 கண்ணிகள் வரும்படி சிங்கிள் குரோஷே என்ற அடிப்படைக் கண்ணியில் இறுக்கமாகப் பின்னினேன். உடலின் பருமனான இடத்தில் 54 கண்ணிகள் இருந்தன. 50 கிராம் நூலும் 25 கிராம் பஞ்சும் செலவாயின. இதே குறிப்பை வைத்துக்கொண்டு தடித்த நூலில் பின்னினால் போதுமா, அல்லது கண்ணிகளைக் கூட்ட வேண்டுமா? மூன்று மடங்கு உயரத்துக்கு மூன்று மடங்கு நூல் வாங்கினால் போதும் என்று என் தோழி சொல்கிறார். எனக்கு அதில் ஐயம் உள்ளது. அந்த வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கர் எழுதியது:

உங்கள் ஐயம் சரியானதே. தோழியின் கணக்குப்படி வாங்கினால் ஒரு காலைப் பின்னி முடிப்பதற்குள் நூல் தீர்ந்து நிற்பீர்கள். உயரம் 3 மடங்கானால், பொம்மையின் மேற்பரப்பு 9 மடங்காகும். உள்ளே இருக்கும் கொள்ளளவு 27 மடங்காகும். நூல் மேற்பரப்பைச் சார்ந்தது, பஞ்சு கொள்ளளவைச் சார்ந்தது. ஆகவே, 25 கிராம் பஞ்சு 675 கிராம் ஆகிவிடும்.

நூல் கணக்கில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. குட்டிக்குப் பயன்படுத்திய அதே நூலில் அம்மாவையும் பின்னினால், 50 கிராம் 9 மடங்காகி 450 கிராம் வரும். ஆனால் போட வேண்டிய கண்ணிகளும் 9 மடங்காகும், அதாவது ஒன்பது குட்டி யானைகளைப் பின்னும் வேலை. மூன்று மடங்கு தடித்த நூலை எடுத்தால் கண்ணிகள் கூடவே கூடா, பழைய குறிப்பை அப்படியே பின்பற்றலாம். ஆனால் துணியின் தடிமனும் 3 மடங்காவதால், நூலின் எடை 27 மடங்காகி 1350 கிராமைத் தொடும். தடித்த நூல் நேரத்தை மிச்சப்படுத்தும், எடையைக் கூட்டும். இதை எண்ணிப் பார்க்காமல்தான் பலரும் மிகத் தடித்த நூலில் தொடங்கி, குழந்தையால் தூக்க முடியாத பொம்மையில் முடிக்கிறார்கள்.

நடுவழி ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு மடங்கு தடித்த நூல், அதாவது 10 செ.மீ. அகலத்துக்கு 10 கண்ணிகள் வரும் நூல். அப்போது ஒரு கண்ணி 1 செ.மீ. அகலம் இருக்கும். குட்டியின் 54 கண்ணிகள் 27 செ.மீ. சுற்றளவு தந்தன, அம்மாவுக்கு 81 செ.மீ. வேண்டும். ஆறின் மடங்காக இருக்கட்டும் என்று 84 கண்ணிகள் வைத்துக்கொண்டால், உடலின் குறுக்களவு ஏறக்குறைய 27 செ.மீ. வரும். மொத்தக் கண்ணிகள் இரண்டேகால் மடங்கு. நூல் 900 கிராம் அளவில் ஆகும். பஞ்சையும் சேர்த்தால் பொம்மை ஒன்றரைக் கிலோவைச் சற்றே தாண்டும். நான்கு வயதுக் குழந்தை கட்டிக்கொள்ள இது தாராளமாகப் போதும்.

தொடரிழை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. என்னிடம் குட்டிக்குப் பயன்படுத்திய சாம்பல் நிற நூல் நிறைய மீதமிருக்கிறது. அதையே இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னினால் இரண்டு மடங்கு தடிமன் கிடைத்துவிடும் அல்லவா?

கணக்கர் எழுதியது:

கிடைக்காது. இரண்டு இழைகளைச் சேர்க்கும்போது இரு மடங்காவது நூலின் குறுக்குவெட்டுப் பரப்புதான். தடிமன் ஏறக்குறைய 1.4 மடங்கே ஆகும். 20 கண்ணிகள் வந்த இடத்தில் 14 கண்ணிகள் வரும். இரண்டு மடங்கு தடிமன் வேண்டுமானால் நான்கு இழைகளைச் சேர்க்க வேண்டும்; நான்கு கண்டுகளிலிருந்து ஒரே நேரத்தில் நூல் இழுத்துப் பின்னுவது ஒருவகைத் தவம். 14 கண்ணிகள் வரும் நடுத்தர நூலை வாங்கி, அதை இரண்டு இழையாகச் சேர்த்தால் 10 கண்ணிகள் என்ற அளவுக்கு வந்துவிடலாம். எப்படியானாலும், தொடங்குமுன் 10 செ.மீ. சதுரத்தில் மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். பொம்மையின் மொத்தப் பரப்பில் அப்படி எத்தனை சதுரங்கள் அடங்குமோ அந்த எண்ணால் அந்த எடையைப் பெருக்கினால் நூலின் தேவை தெரிந்துவிடும். என் 900 கிராம் வெறும் மதிப்பீடுதான். உங்கள் கை இறுக்கம் எனக்குத் தெரியாது.

மென்னூல் எழுதியது:

நூலைப் பற்றிப் பேச்சு வந்ததால் நான் ஷெனீல் நூலுக்காக வாதாட வருகிறேன். பெரிய பொம்மை என்பது கட்டிப்பிடிப்பதற்கானது. அதற்கு ஷெனீலின் மென்மைக்கு ஈடான நூலை நான் தொட்டதில்லை. ஒரே இழையில் வேண்டிய தடிமன் கிடைத்துவிடும். கண்ணிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளை அதன் பூமுடியே மறைத்துவிடும். ஒரு சுற்றில் ஒரு கண்ணி தவறிப்போனாலும் பார்ப்பவர் கண்ணில் படாது.

முதன்முறையாகப் பயன்படுத்துவோர் இரண்டு இடங்களில் திணறுவார்கள். பின்னலைத் தொடங்கும் நூல் வளையமான மேஜிக் ரிங்கை இழுத்து இறுக்கும்போது நூல் அறுந்துவிடும். ஆகவே மேஜிக் ரிங்கை விட்டுவிட்டு, இரண்டு சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலிக்குள்ளேயே ஆறு சிங்கிள் குரோஷேயையும் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, உறுப்புகளை இணைக்க ஷெனீல் நூலையே பயன்படுத்தக் கூடாது. அதே நிறத்தில் உறுதியான பாலியெஸ்டர் நூலால் தைக்க வேண்டும். கண்ணிகளைக் கண்ணால் தேடுவதை விட்டுவிட்டு விரல் நுனியால் தடவிக் கண்டுபிடிக்கப் பழகினால், ஒரு வாரத்தில் கை வந்துவிடும்.

ஊசிமுனை எழுதியது:

மென்னூல் அவர்களின் இரண்டு உத்திகளையும் நானும் பின்பற்றுகிறேன். ஆனாலும் இந்த யானைக்கு ஷெனீல் வேண்டாம் என்பதே என் கருத்து. காரணம், தொடரிழை தம் முதல் பதிவின் கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன எட்டு மாதக் குழந்தை. அண்ணனுக்கென்று கொடுத்த பொம்மையைத் தங்கை வாயில் வைத்துச் சப்பாமல் இருப்பாள் என்று யார் உறுதி கூற முடியும்? ஷெனீல் என்பது நடுவிலுள்ள மெல்லிய இழைகளுக்கு இடையே குட்டை முடிகளைச் சிக்கவைத்து முறுக்கிய நூல். வெட்டிய முனைகளிலும் தேய்ந்த இடங்களிலும் அந்த முடிகள் உதிரும். இரண்டாவது காரணம், இதுவே உங்களுக்கு முதல் பெரிய பொம்மை. பெரிய பொம்மையில் பிரித்துப் பின்னாமல் யாரும் தப்பியதில்லை. ஷெனீலைப் பிரித்தால் முடி உதிர்ந்து நூல் வழுக்கையாகிவிடும். அக்ரிலிக்கை எத்தனை முறை பிரித்தாலும் பின்னலாம்.

பருத்தி நூலைச் சிலர் பரிந்துரைப்பார்கள். சிறிய பொம்மைகளுக்கு அதைவிட நேர்த்தியான நூல் இல்லை. பெரியவற்றுக்கு அது கனம். மீள்தன்மையும் குறைவு என்பதால் தன் எடையாலேயே தொங்கி நீண்டுவிடும். இயற்கைக் கம்பளி மென்மையானது, இலேசானது, ஆனால் கவனமின்றித் துவைத்தால் சுருங்கித் திரண்டுவிடும். ஆகவே நல்ல அக்ரிலிக்கை இரண்டு இழையாகச் சேர்த்து, நூலின் உறையில் குறிப்பிட்டிருப்பதைவிட ஓரிரு அளவு சிறிய ஊசியால் பின்னுங்கள். பின்னிய துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து இலேசாக இழுத்துப் பாருங்கள். விரல் நுனி நுழையும் அளவுக்கு ஓட்டை தெரிந்தால் ஊசியை இன்னும் சிறிதாக்குங்கள். ஒரே சாயத் தொகுதி எண் உள்ள கண்டுகளை மொத்தமாக வாங்கிவிடுங்கள். பாதி முதுகு ஒரு சாம்பலும் மீதி முதுகு வேறு சாம்பலுமாக என்னிடம் ஒரு கரடி இருக்கிறது.

மென்னூல் எழுதியது:

குழந்தையை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். அந்த வீட்டுக்கு ஊசிமுனை அக்கா சொல்வதே சரி. பெரிய பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு என் கட்சி மாறவில்லை.

கணக்கர் எழுதியது:

வடிவம் பற்றிச் சிறு குறிப்பு. ஆறு கண்ணிகளில் தொடங்கிச் சுற்றுக்கு ஆறு கூட்டிக்கொண்டே போனால், 14ஆம் சுற்றில் 84 வரும். அதன்பின் கூட்டாமலும் குறைக்காமலும் 14 சுற்றுகள். அதன்பின் சுற்றுக்கு ஆறாகக் குறைத்தல். மொத்தம் 42 சுற்றுகள் ஆகும். இது ஏன் உருண்டையாக வருகிறது என்றால், ஒரு பந்தின் உச்சியிலிருந்து அடிவரையுள்ள தூரம் அதன் சுற்றளவில் பாதி. 84இல் பாதி 42. கண்ணியின் அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் இது மிகச் சரியாகப் பொருந்தும். உங்கள் கண்ணி குட்டையாக இருந்தால் நடுவில் ஓரிரு சுற்றுகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த யானைக்கு உடல் பந்தாக இருப்பதைவிடப் பேரிக்காயாக இருப்பதே அழகு என்பதால், குறைக்கும் பகுதியில் ஒவ்வொரு குறைப்புச் சுற்றுக்கும் இடையே வெறும் சுற்று ஒன்றைச் சேர்க்கலாம்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு நேராகக் கண்ணிகளைக் கூட்டினால் வட்டம் அறுகோணமாகிவிடும். சிறிய பொம்மையில் அது தெரியாது; 27 செ.மீ. குறுக்களவில் ஆறு மூலைகளும் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில் கூட்டும் இடத்தைப் பாதித் தூரம் நகர்த்துங்கள். எடுத்துக்காட்டாக, 30 கண்ணிகளிலிருந்து 36க்குப் போகும்போது நான்கு கண்ணிகள் போட்டு ஐந்தாவதில் கூட்டுவதற்குப் பதிலாக, முதலில் இரண்டு போட்டு மூன்றாவதில் கூட்டி, பிறகு நான்கு போட்டு ஐந்தாவதில் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு கண்ணிகளோடு சுற்றை முடியுங்கள்.

இடதுகை எழுதியது:

சுற்றுகளை மூடாமல் சுருளாகப் பின்னும்போது கண்ணிகள் நேராக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கப்படுவதில்லை. வலது கைக்காரர்களுக்கு வலப்புறமாகவும், என்னைப் போன்றவர்களுக்கு இடப்புறமாகவும் சற்றே சாய்ந்துகொண்டு போகும். 20 செ.மீ. பொம்மையில் இது பொருட்டல்ல. 42 சுற்றுகள் உள்ள உடலில், முதல் சுற்றுக்கு நேரே வைத்த அடையாளம் கடைசிச் சுற்றில் விலாப்பக்கம் போய் நிற்கும். ஆகவே, "இத்தனையாவது கண்ணியில் காலைத் தைக்கவும்" என்ற குறிப்புகளை நம்பாமல், எல்லா உறுப்புகளையும் ஊசிகளால் குத்தி வைத்து, பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பக்கமும் நடந்து பார்த்துவிட்டுத் தையுங்கள். குத்திய குண்டூசிகளை எண்ணி எழுதிவைத்துக்கொள்ளுங்கள், எடுக்கும்போதும் எண்ணுங்கள். பஞ்சுக்குள் ஒரு குண்டூசி தொலைந்தால் அந்தப் பொம்மையைக் குழந்தையிடம் கொடுக்கவே முடியாது.

புதுக்கண்ணி எழுதியது:

நானும் பெரிய முயல் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன், அதனால் கேட்கிறேன். கண்ணுக்குப் பின்புறம் வட்டு வைத்து அழுத்தும் 'சேஃப்டி ஐஸ்' என்ற பிளாஸ்டிக் கண்களைப் பொருத்தலாமா? அவற்றின் பெயரிலேயே பாதுகாப்பு என்று இருக்கிறதே!

ஊசிமுனை எழுதியது:

பெயரில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வட்டைக் கழற்றுவது கடினம் என்பது உண்மையே; ஆனால் குரோஷே என்பது நெய்த துணி அல்ல, இழுத்தால் விரியும் வலை. கண்ணிகள் விரிந்தால் கண்ணும் வட்டும் ஒன்றாகவே வெளியே வந்துவிடும். பொம்மை பெரிதாகப் பெரிதாகக் கண்ணிகளும் பெரிதாகின்றன. ஆகவே ஆபத்தும் கூடுகிறது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கும்போது 31.7 மி.மீ. விட்டமுள்ள ஓர் உருளையைப் பயன்படுத்துவார்கள். அந்த உருளைக்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பொருளும் குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கொள்ளப்படும். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கண்களில் பெரும்பாலானவை அதற்குள் எளிதாக விழுந்துவிடும். ஐரோப்பியப் பொம்மைத் தரமான ஈஎன் 71, 6 மி.மீ.க்கு மேற்பட்ட பகுதிகளை 90 நியூட்டன் விசையால் இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. ஏறக்குறைய 9 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். வீட்டில் பின்னிய பொம்மையில் ஒட்டிய அல்லது குத்திய கண் இதைத் தாங்குமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

யானைக்கும் முயலுக்கும் கறுப்பு நூலில் 12 கண்ணிகள் கொண்ட சிறு வட்டத்தைப் பின்னி, விளிம்பு முழுவதும் நெருக்கமாகத் தைத்து, அதன்மேல் வெள்ளை நூலில் ஓர் ஒளிப்பொட்டு இட்டால், பார்வையில் எந்தக் குறையும் இருக்காது. பொத்தான், மணி, ரிப்பன், தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம்.

குழந்தையைப் பற்றி ஒரு சொல். ஓராண்டு நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில் தலையணை, மென்பொம்மை போன்ற எவையும் இருக்கக் கூடாது என்பது குழந்தை மருத்துவர்களின் உறுதியான அறிவுரை. முகத்தில் அழுந்தினால் மூச்சடைக்கும். பெரிய பொம்மைக்கு இன்னொரு குணமும் உண்டு: எழுந்து நிற்கப் பழகிய குழந்தை அதன்மேல் ஏறித் தொட்டிலைத் தாண்டிவிடும். ஆகவே அம்மா யானை அண்ணனின் அறையிலேயே குடியிருக்கட்டும்.

பஞ்சுப்பொதி எழுதியது:

பின்னல் பேசியாயிற்று, இனி அடைப்பது. பெரிய பொம்மைகளில் பாதித் தோல்வி இங்கேதான் நிகழ்கிறது.

பாலியெஸ்டர் பஞ்சைப் பயன்படுத்துங்கள். சாதாரணப் பருத்திப் பஞ்சு நனைந்தால் கட்டி கட்டியாக உறையும், கனக்கும். இலவம்பஞ்சு தலையணைக்குள் இதமாக இருக்கும். ஆனால் துவைக்க உகந்ததன்று, அதன் நுண்ணிழைகள் குரோஷேக் கண்ணிகள் வழியே வெளியேறவும் செய்யும். செலவைக் குறைக்கப் பழைய துணிகளை உள்ளே திணிப்போர் உண்டு. எடை எவ்வளவு முக்கியம் என்று கணக்கர் காட்டிவிட்டார்; துணி அதைக் கெடுத்துவிடும், துவைத்தால் எளிதில் உலரவும் உலராது.

பஞ்சைச் சிறுசிறு உருண்டைகளாக உருட்டிப் போடாதீர்கள். சிறிய பொம்மை பின்னிய பழக்கத்தில் எல்லாரும் செய்யும் தவறு இது. அப்படிச் செய்தால் வெளியே கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். இரு கைகளாலும் பஞ்சைப் பிய்த்து நன்றாக உதறி, பெரிய பிடிகளாக எடுத்து, முதலில் சுவர்களை ஒட்டி வரிசையாக அமர்த்தி, கடைசியில் நடுவை நிரப்புங்கள். உடலின் குறைப்புச் சுற்றுகள் தொடங்கும்போதே அடைக்கத் தொடங்கிவிடுங்கள். வாய் குறுகியபின் கையை நுழைக்க முடியாது. முழுதும் அடைத்தபின் வாயைத் தைக்காமல் இரண்டு நாள் விட்டு வைத்தால் பஞ்சு அமர்ந்து இடம் கொடுக்கும். அந்த இடத்தையும் நிரப்பிவிட்டு மூடுங்கள்.

இந்த அளவில் நான் எப்போதும் உள்ளே மெல்லிய பருத்தித் துணியில் ஒரு பை தைத்துவிடுவேன். உடலின் அளவுக்கே தைத்த அந்தப் பைதான் பஞ்சின் அழுத்தத்தைத் தாங்கும். பின்னலுக்கு இழுவை குறையும். எங்காவது ஒரு கண்ணி அறுந்தாலும் பஞ்சு குழந்தையின் வாய்க்குப் போகாது. யானை நிமிர்ந்து உட்கார அடியில் எடை வேண்டும் என்று சிலர் பிளாஸ்டிக் மணிகளைப் போடுவார்கள். 60 செ.மீ. பொம்மைக்கு அது தேவையே இல்லை. அகன்ற அடியும் முன்னே நீட்டிய கால்களும் போதும்.

தொடரிழை எழுதியது:

ஐந்து வாரங்களுக்குப் பிறகு வருகிறேன், நல்ல செய்தியோடு அல்ல. உடலும் தலையும் கால்களும் முடிந்துவிட்டன. கண்களை ஊசிமுனை அக்கா சொன்னபடியே பின்னித் தைத்தேன். உடலுக்குள் பையும் வைத்தேன். நேற்று தலையை இணைத்தேன். காலையில் பார்த்தால் யானை தன் வயிற்றையே உற்றுப் பார்த்தபடி குனிந்திருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் பின்னால் சாய்கிறது. குட்டியின் குறிப்பிலிருந்த அதே விகிதத்தில்தான் உடலின் மேல்வாயை 24 கண்ணிகளுக்குக் குறைத்திருந்தேன். சுற்றித் தைத்ததும் இறுக்கமாகவே இருக்கிறது. கழுத்துக்குள் மரக்குச்சி ஒன்றைச் செருகிவிடலாமா என்று தோன்றுகிறது.

ஊசிமுனை எழுதியது:

குச்சியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். நான்கு வயதுப் பிள்ளை அதன்மேல் குதிப்பான். குச்சி முறிந்தால் முனை வெளியே வரும்.

கணக்கர் எழுதியது:

தவறு உங்கள் தையலில் இல்லை, விகிதத்தைக் காப்பாற்றியதில் இருக்கிறது. தலையின் கொள்ளளவும் அதனுள் இருக்கும் பஞ்சின் எடையும் 27 மடங்காகிவிட்டன. அதைத் தாங்கும் கழுத்தின் குறுக்குவெட்டுப் பரப்போ 9 மடங்குதான் கூடியது. ஒவ்வொரு சதுர செ.மீ. கழுத்தும் குட்டியினுடையதைவிட மூன்று மடங்கு சுமை சுமக்கிறது. பெரிய விலங்கின் எலும்பு அதே விகிதத்தில் வளர்ந்தால் போதாது, அதைவிடத் தடிக்க வேண்டும் என்று கலிலியோ 1638இல் எழுதினார். உண்மையான யானையைப் பாருங்கள்: கால்கள் தூண்கள், கழுத்து இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை. குட்டி யானையின் குறிப்பை எழுதியவர் பொம்மைக்கு ஒரு முயலின் கழுத்தைக் கொடுத்திருக்கிறார், அது 20 செ.மீ. வரை பிழைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

24 கண்ணிகள் என்றால் கழுத்தின் குறுக்களவு 8 செ.மீ.கூட இல்லை. அதை 48 ஆக்கினால் 15 செ.மீ. கிடைக்கும், தாங்கும் பரப்பு நான்கு மடங்காகும்.

பஞ்சுப்பொதி எழுதியது:

கணக்கரின் 48ஐ நான் வழிமொழிகிறேன். செய்முறையைச் சொல்கிறேன். தலையைப் பிரித்தெடுங்கள். உடலின் மேற்பகுதியை 48 கண்ணிகள் இருந்த சுற்றுவரை பிரியுங்கள். தலையின் அடியிலும் அதே 48 கண்ணிகள் உள்ள சுற்றுவரை பிரித்துத் திறந்துவிடுங்கள். இப்போது இரண்டு வாய்களும் ஒன்றையொன்று நோக்கித் திறந்திருக்கும். நடுவில் துணித் தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. பையின் வாயையும் பிரித்து, தலைக்குள் நீளும்படி துணியைக் கூட்டித் தைத்துவிடுங்கள். பாதிச் சுற்றைத் தைத்தபின், உடலிலிருந்து தலைவரை ஒரே தொடர்ச்சியாகப் பஞ்சைச் செலுத்துங்கள். கழுத்துப் பகுதியில் மற்ற இடங்களைவிட நெருக்கமாக, விரலால் அழுத்தினால் உடனே திரும்பும் அளவுக்கு. மீதிச் சுற்றைத் தைத்து மூடியபின், ஒரு சுற்று வெளியே தள்ளி இன்னொரு முறை முழுவட்டமாகத் தையுங்கள். இந்த இரண்டாவது வட்டம்தான் தலையை ஆடாமல் பிடிக்கும். கால்களுக்கும் இதே இரட்டைத் தையலை இடுங்கள். பிள்ளைகள் பொம்மையைக் காலைப் பிடித்துத்தான் இழுப்பார்கள்.

இடதுகை எழுதியது:

ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள பொம்மையை மடியில் சுழற்றிச் சுழற்றித் தைத்தால் மணிக்கட்டு இரண்டே நாளில் வலிக்கத் தொடங்கும். உடலை மேசைமேல் வைத்து, பொம்மையைத் திருப்பாமல் நீங்கள் நகர்ந்து தையுங்கள். நான் இதைத் தாமதமாகக் கற்றேன்.

புதுக்கண்ணி எழுதியது:

என் முயலின் கழுத்து 18 கண்ணிகள். இன்றிரவே பிரிக்கப் போகிறேன். துவைப்பதைப் பற்றியும் யாராவது சொல்வீர்களா?

மென்னூல் எழுதியது:

வலைப்பையில் போட்டு, குளிர்ந்த நீரில், மென்மையான சுழற்சியில் இயந்திரத்திலேயே துவைக்கலாம். சிக்கல் துவைப்பதில் இல்லை, உலர்த்துவதில். வெளியே உலர்ந்து உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சை பிடிக்கும். நீரைப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வலைத்தட்டின்மேல் கிடத்தி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். காதையோ துதிக்கையையோ பிடித்துக் கொடியில் தொங்கவிட்டால் அது நீண்டுவிடும். அக்ரிலிக்கில் சூடான உலர்த்தியும் இஸ்திரியும் படக் கூடாது. இழை உருகி உயிரற்றுத் துவண்டுபோகும். சிறு கறையாக இருந்தால் ஈரத்துணியால் அந்த இடத்தை மட்டும் துடைப்பதே நல்லது.

தொடரிழை எழுதியது:

கழுத்தைப் பிரித்து 48 கண்ணிகளில் இணைத்து இரட்டைத் தையலும் இட்டுவிட்டேன். நான்கு நாள்களாக யானை நேராகப் பார்க்கிறது. அக்ரிலிக்காக இருந்ததால் பிரித்த நூலையே திரும்பவும் பயன்படுத்த முடிந்தது. இந்த ஒன்றுக்காகவே ஊசிமுனை அக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறேன். இணைக்கும்போது குத்திய 22 குண்டூசிகளும் பெட்டிக்குத் திரும்பிவிட்டன.

கணக்கர் ஐயாவுக்காக நிறுத்துப் பார்த்த அளவுகள்: நூல் 930 கிராம், பஞ்சு 810 கிராம். நூலில் உங்கள் மதிப்பீட்டை நெருங்கிவிட்டேன். பஞ்சு ஏன் 675இல் நிற்கவில்லை?

கணக்கர் எழுதியது:

குட்டியைப் போலவே நெகிழ்வாக அடைத்திருந்தால் நின்றிருக்கும். பெரிய பொம்மை தன் எடையைத் தானே தாங்க வேண்டியிருப்பதால் அதை நெருக்கமாக அடைக்க வேண்டியிருக்கிறது. 84 கண்ணிகள் என்று உடலைச் சற்றே பெரிதாக்கியதும் நானே. என் கணக்கில் இந்த இரண்டையும் சேர்க்கத் தவறிவிட்டேன். அடுத்து யாராவது கேட்டால், கொள்ளளவுக் கணக்கில் வரும் பஞ்சோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி வாங்கச் சொல்வேன்.

தொடரிழை எழுதியது:

குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன்: கழுத்து 48 கண்ணிகள், பஞ்சு 810 கிராம், நூல் இரண்டு இழை. நாளை மறுநாள் யானை அண்ணன் வீட்டுக்குப் போகிறது. அதற்குள் காதுகளின் அடித்தையலை மட்டும் இன்னொரு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். இடது காது சற்றே தளர்வாகத் தோன்றுகிறது.